ரெண்டு விலை சொல்லாதவர்

இதை எழுத வேண்டும் என்று பேனாவை எடுப்பதும், எடுத்த பேனாவை மூடி சாமி படத்துக்குக் கீழே வைப்பதுமாகப் பல வருஷம் போய்விட்டது. எழுத வராதது ஒரு காரணம். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். ஆபீசில் எழுதியதெல்லாம் ‘மேற்படி சரக்கை உடனே அனுப்பி வைக்கவும்’ என்ற மாதிரி வரிகள்தான். ஆனால் பெரிய காரணம் வேறு. ஒருவர் என்னை நம்பிச் சொன்ன விஷயம் இதற்குள் இருக்கிறது. வெளியே சொல்ல மாட்டேன் என்று அவர் முன்னால் தலையாட்டியிருந்தேன். அவர் இப்போது இல்லை. அவர் சம்சாரத்திடம் போய்க் கேட்டு, அந்த அம்மா சரி என்று சொன்ன பிறகுதான் இன்று உட்கார்ந்திருக்கிறேன். விபூதி இட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தேன். தப்பாக ஒன்றும் வந்துவிடக் கூடாது.

தொண்ணூறுகளில் நான் தி. நகரில், பார்க்குக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த டேபிள் ஃபேன் கம்பெனியின் பர்ச்சேஸ் டிபார்ட்மெண்டில் கிளார்க். குடியிருந்தது மந்தைவெளியில். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு பஸ் ஏறுவேன். எங்கள் வேலை, ஃபேனுக்கு வேண்டிய சாமான்களை வாங்கிக் கொடுப்பது. மோட்டார் கம்பி, பிளாஸ்டிக் குமிழ், அட்டைப் பெட்டி, ஸ்க்ரூ என்று எல்லாம் வெளியே சின்னச் சின்னப் பட்டறைகளிலிருந்து வரும். அவர்கள் விலை எழுதிக் கொடுப்பார்கள், நாங்கள் அடித்துப் பேசுவோம். அவர்கள் கேட்கும்போதே கொஞ்சம் கூட்டிக் கேட்பார்கள். நாங்கள் குறைப்போம் என்று அவர்களுக்குத் தெரியும், அவர்கள் கூட்டியிருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். கடைசியில் ஒரு விலையில் நிற்கும். இதில் யாரும் யாரையும் பொய்யர் என்று நினைத்ததில்லை. கல்யாண வீட்டில் ‘போதும் போதும்’ என்று இலையை மறைப்பது மாதிரிதான்.

ஒருவர் மட்டும் அப்படி இல்லை. ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள், தகடு வெட்டி வளைக்கிற பவர் பிரஸ் ஒன்று வைத்துக்கொண்டு, ஃபேனின் கம்பிக்கூண்டைப் பிடித்து நிறுத்தும் தகட்டு பிராக்கெட்டை எங்களுக்கு அடித்துக் கொடுத்தார். பருத்த உடம்பு, காதோரம் நரை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு குங்குமப் பொட்டலம். என் நெற்றியைப் பார்த்து என்னை ‘சாமி’ என்பார். நான் ‘அண்ணே’ என்பேன். அவர் எழுதிக் கொடுக்கிற விலை ஒன்றுதான். தகடு இவ்வளவு, கூலி இவ்வளவு, கரண்ட் இவ்வளவு, எனக்கு இவ்வளவு என்று சொல்லிவிடுவார். குறைக்கச் சொன்னால் சிரிப்பார். “ரெண்டு வெல நம்ம கைல கெடையாது சாமி. வேணும்னா வாங்கு, வேணாம்னா இன்னா பண்றது” என்பார். பழைய மேனேஜர் பழகியவர். இரண்டு தடவை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

பழையவர் ரிட்டயர் ஆனார். புதியவர் வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். வெளிநாட்டு ஃபேன்கள் பாண்டி பஜாரில் வந்து இறங்கிவிட்ட காலம். நம் ஃபேன் விலை குறையாவிட்டால் ஃபேக்டரியை மூட வேண்டியதுதான் என்று அவருக்கு மேலே இருந்தவர்கள் அவரை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். வந்த மாசமே எங்களை உட்கார வைத்து, போர்டில் ‘டார்கெட்’ என்று எழுதினார்.

“இனிமே ஒவ்வொருத்தர்கிட்டயும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேரம் பேசற கதை வேண்டாம். எல்லாரையும் புதுசா கொட்டேஷன் கொடுக்கச் சொல்லுங்க. அதுலேர்ந்து நூத்துக்குப் பன்னெண்டு கழிப்போம். அதுதான் அவங்க டார்கெட். அதுக்குக் கொடுத்தா ஆர்டர். இல்லன்னா வேற ஆள்.”

“சார், கழிக்கப் போறோம்னு தெரிஞ்சா ஏத்திக் கொடுப்பாங்களே” என்றேன்.

“ஏத்தட்டும். பத்து ஏத்துவாங்க, நான் பன்னெண்டு எறக்குவேன். அவங்களுக்கும் மானம் போகாது, எனக்கும் ரெண்டு மிச்சம். மேலே காட்டறதுக்குப் பன்னெண்டு. எல்லாருக்கும் சந்தோஷம்தானே?”

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது. ஏற்றாதவர் ஒருவர் இருக்கிறாரே.

இந்த மாதிரிச் செய்தி ஆபீஸ் மாடியிலிருந்து கீழே டீக்கடைக்குப் போக அதிக நேரம் ஆகாது. பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. “டார்கெட்னு பேர் வெச்சிருக்கான், டார்ச்சர்னு படிச்சுக்கோ” என்று ஒருவர் சொல்ல, அதுவே பேச்சாகிவிட்டது. ஆனால் பயம் யாருக்கும் இல்லை. ஆளுக்குத் தக்கபடி ஏற்றி எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ராயப்பேட்டைக்காரர் கொண்டுவந்த தாளைப் பிரித்தேன். பிராக்கெட் ஒன்றுக்கு ஒரு ரூபாய் எண்பது காசு. அது அவருடைய உண்மை விலை. அந்த வருஷம் தகடு விலை ஏறியிருந்ததை மட்டும் சேர்த்திருந்தார்.

அந்தத் தாளைக் கொட்டேஷன் போடும் பெட்டியில் போடாமல் அவரைக் கீழே டீக்கடைக்கு அழைத்துப் போனேன்.

“அண்ணே, விஷயம் தெரியும்ல? பன்னெண்டு கழிக்கப் போறாங்க.”

“தெரியும்.”

“அப்போ ரெண்டு ரூபா அஞ்சு காசுன்னு எழுதிக் கொடுங்க. கழிச்சா உங்க விலைக்கே வந்து நிக்கும். எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க. மேனேஜரே அதைத்தான் எதிர்பார்க்கறார்.”

“வேணாம் சாமி.”

“இது பொய் இல்லண்ணே. அவங்க வெச்ச முறை.”

அவர் டீயைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

“நான் மொதல்ல இங்கதான், பாண்டி பஜார்ல, பிளாட்பாரத்துல துணி வித்துக்கினு இருந்தேன். நூறுன்னு சொல்லி நாப்பதுக்குக் குடுப்பேன். வாயில ஆறு வெல இருக்கும். பொண்ணு பொறந்து ரெண்டு வயசுல மூளைக் காய்ச்சல். ராயப்பேட்டை ஆஸ்பத்திரில போட்டுக்கினு கீறோம். டாக்டர் நல்ல மனுஷன், அவரால முடிஞ்சதெல்லாம் பண்ணாரு, அப்புறம் சாமிய வேண்டிக்கோன்னுட்டாரு. நேரா நம்ம அம்மன் கோயிலுக்குப் போய் நின்னேன். குடுக்கறதுக்கு கைல ஒண்ணும் இல்ல. ஆத்தா, இனிமே என் வாயால ரெண்டு வெல வராது, என் பொண்ணக் குடுத்துடுன்னேன். திரும்பி வர்றேன், புள்ள கண்ண முழிச்சு தண்ணி கேட்டுதாம்.”

அவர் ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

“அந்த வார்த்தை மேலதான் சாமி அவ நின்னுக்கினு கீறா. இப்போ எட்டாங் கிளாஸ் படிக்கிறா. நீ சொல்றது நாயந்தான். ஆனா ரெண்டு ரூபா அஞ்சுன்னு நான் எழுதிட்டு ஊட்டுக்குப் போனா, அவளுக்கு ஒடம்பு சுடுதான்னு தொட்டுப் பாக்கணும். என்னால ஆவாது.”

வேண்டுதலை வெளியே சொன்னால் பலம் போய்விடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அவரும் அப்படித்தான். “உன் நெத்தியப் பாத்து சொல்லிட்டேன். யாராண்டயும் சொல்லாத” என்றார். தலையாட்டினேன். நானும் வேண்டுதல் வைத்து நிறைவேற்றியவன். ‘அதெல்லாம் பார்க்காதீங்கண்ணே’ என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று கேட்டாலும் வராது.

மேலே வந்து, எங்கள் டைப்பிஸ்டிடம் தாள்களைக் கொடுத்தேன். ஆபீசில் எல்லோருக்கும் அவர் மாமிதான். மயிலாப்பூர், குளத்தங்கரைக்குப் பக்கத்தில் வீடு. மடிசார் கட்டுகிற வீட்டிலிருந்து வந்து, டைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர். எல்லோருடைய விலையையும் ஒரே தாளில் அடித்து மேனேஜரிடம் கொடுப்பது அவர் வேலை. ராயப்பேட்டைக்காரர் தாளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னய்யா இது, இந்த மனுஷன் ஏத்தாத விலையையே எழுதிண்டு வந்திருக்கார்? நீர் சொல்லலையா?”

“சொன்னேன் மாமி. ரெண்டு விலை சொல்ல மாட்டாராம்.”

“சொல்ல மாட்டார்னா?”

“சொல்ல மாட்டார். அவ்வளவுதான்.”

மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். மேலே கேட்கவில்லை. தாளை மெஷினில் சுற்றினார். “போன தீபாவளிக்கு இவர் பொண்ணு ஆத்துக்கு வந்து ஸ்வீட் கொடுத்துட்டுப் போச்சு. பாவாடையைத் தடுக்கித் தடுக்கி நடந்துண்டு” என்றார். அப்புறம், “அவர் வாயால சொல்லப்படாது, அவ்வளவுதானே? டைப்ரைட்டர் சொல்லட்டும்” என்று சொல்லிவிட்டு, ரெண்டு ரூபாய் ஐந்து காசு என்று அடித்தார். அடித்து முடித்து, கையைக் கூப்பிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “பாவம் வந்தா என் தலையில வரட்டும்.”

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அவர் வாக்கும் நின்றது, பட்டறையும் நிற்கும். கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்தேன்.

மறு வாரம் எல்லாப் பட்டறைக்காரர்களையும் வரச் சொன்னார்கள். வராந்தாவில் பெஞ்சு போட்டு உட்கார வைத்து, ஒவ்வொருவராக மேனேஜர் அறைக்குள் கூப்பிட்டார்கள். சாம்பிளை எடுத்துக் கொடுக்க நான் உள்ளே நின்றிருந்தேன். கதவு திறந்தேதான் இருந்தது. போகிறவர் எல்லாம் ‘ஐயோ சார், செத்தோம் சார்’ என்று நெஞ்சில் கைவைப்பார்கள், அப்புறம் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டு போவார்கள். ராயப்பேட்டைக்காரர் முறை வந்தது.

“உட்காருங்க. உங்க கொட்டேஷன் ரெண்டு ரூபா அஞ்சு காசு. பன்னெண்டு போனா ஒண்ணு எண்பது. டார்கெட் ஒண்ணு எண்பது. ஓகேவா?”

அவர் முகம் மலரும் என்று நினைத்தேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

“ரெண்டு ரூபா அஞ்சு யாரு சொன்னது சார்?”

“நீங்கதான். உங்க பேர்ல இருக்கே.”

“நான் சொல்லல சார். நான் எழுதினது ஒண்ணு எம்பது.”

நான் அவர் பின்னால் நின்று முழங்கையைத் தொட்டேன். தொட்டது தெரிந்தும் திரும்பவில்லை. மேனேஜர் ஃபைலைப் புரட்டி அவர் கொடுத்த தாளை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“யார் டைப் பண்ணது இது?”

டைப்ரைட்டர் சத்தம் வெளியே நின்றது. அப்போதுதான் ராயப்பேட்டைக்காரருக்குப் புரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தார், கதவுக்கு வெளியே மாமி இருக்கும் பக்கம் பார்த்தார். பிறகு அவசரமாக, “என் கையெழுத்து கோழி கெளர்ன மாதிரி இருக்கும் சார். அவங்க கண்ணுக்கு அப்டித் தெரிஞ்சிருக்கும். அவங்க மேல ஒண்ணும் இல்ல” என்றார்.

மேனேஜர் மாமியை விட்டுவிட்டார். பேனாவால் ரெண்டு ஐந்தை அடித்தார், மேலே ஒன்று எண்பது எழுதினார். எழுதியவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்ட சிரிப்பு.

“என் சர்வீஸ்ல, தன் விலையைத் தானே எறக்கிண்டு வந்த வெண்டரை இப்போதான் பார்க்கறேன். கேக்காமலே இவ்வளவு எறங்கினீங்கன்னா உங்ககிட்ட இன்னும் எடம் இருக்குன்னு அர்த்தம். ஒண்ணு எண்பதுல பன்னெண்டு. ஒண்ணு ஐம்பத்தெட்டு.”

“சார்” என்றேன். “இவர் ஏத்தி எழுதறவர் இல்ல சார். பழைய மேனேஜரைக் கேட்டுப் பாருங்க. இது அடி விலை.”

“எல்லாருமே அடி விலைன்னுதான் சொல்றாங்க. இவருக்கு மட்டும் விட்டேன்னா, வெளியில பெஞ்சுல இருக்கற அத்தனை பேரும் உள்ளே வந்து நிப்பாங்க. நீங்களே பதில் சொல்றீங்களா?”

காரணம் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டியவன். சொல்லியிருந்தாலும், அம்மனுக்குச் சொன்ன வாக்கு என்று அந்த அறையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ராயப்பேட்டைக்காரர் மேஜைமேல் இருந்த தாளைத் தன் பக்கம் இழுத்தார். “ஒண்ணு அம்பத்தெட்டு நான் சொன்ன வெல இல்ல சார். நீங்க சொல்றது. அது உங்க வெல” என்றார். மேனேஜருக்கு அது மறுப்பா சம்மதமா என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அவருக்கு வேறு கம்பெனி கிடையாது. பிரஸ்ஸும் அச்சும் எங்கள் பிராக்கெட்டுக்காகவே கடன் போட்டு வாங்கியது. கையெழுத்துப் போட்டார். குங்குமப் பொட்டலத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது: “ரெண்டு வெல சொல்ல மாட்டேன்னு பீத்திக்கினு இருந்தாரு. இப்போ பாரு, தாள்ல ரெண்டு வெல.” அதற்கு ஒரு சிரிப்பு. இந்தப் பேச்சைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த தீங்குக்கு விதை இதுதான்.

அதற்கப்புறம் இரண்டு தடவை அந்தப் பட்டறைக்குப் போனேன். முதல் தடவை போனபோது வேலையாள் இரண்டு பேரையும் நிறுத்தியிருந்தார். “தகடு வெல கொறையாது, கரண்ட்டு கொறையாது. கொறைக்கறதுக்கு ஆளுதான் கீது” என்றார். அவர் பிரஸ்ஸில் உட்கார்ந்து அடிக்க, சம்சாரம் கீழே சாக்கில் உட்கார்ந்து பிராக்கெட்டைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை பங்குனித் திருவிழா சமயம். மயிலாப்பூர் முழுக்கத் தண்ணீர்ப் பந்தல். வருஷா வருஷம் அவர் ஒரு பந்தலுக்கு மோர் கொடுப்பார். அந்த வருஷம் இல்லை. கண் சிவந்திருந்தது. பிரஸ் சத்தத்துக்கு நடுவில் அவரோடு பேச முடியவில்லை. அவர் நிறுத்தவும் இல்லை. தகட்டை உள்ளே தள்ளுவது, காலால் மிதிப்பது, எடுப்பது, தள்ளுவது. அண்ணி எனக்கு மோர் கொடுத்தார். “ஒன்னாண்ட சொன்னா கேப்பாரு தம்பி. கொஞ்சம் படுத்து எழுந்திருக்கச் சொல்லு” என்றார். சொன்னேன். “இந்த லோடு போவட்டும் சாமி” என்றார்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் ஆபீசுக்குப் போன் வந்தது. பேசியது பக்கத்துக் கடைக்காரர். கை பிரஸ்ஸுக்குள் போய்விட்டது, வலது கை, ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். கண் சொக்கிய நேரத்தில் கால் மிதித்திருக்கிறது. வேறொன்றும் இல்லை.

நான் போனபோது கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். நான்கு விரல் போய்விட்டது, கட்டைவிரல் மட்டும்தான். வராந்தாவில் அண்ணி தரையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் எல்லோர் முன்னாலும், “ஆத்தா, அவரு ரெண்டு வெல சொல்லலியே, குடுத்த வாக்க மீறலியே, ஏன் ஆத்தா” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பள்ளிக்கூடப் பையோடு பெண் பக்கத்தில் நின்றது. இத்தனை வருஷம் மூடி வைத்த வேண்டுதல் அப்படித்தான் வெளியே வந்தது. அதுவும் பாதி.

உள்ளே அவர் கண் திறந்து என்னைப் பார்த்தார்.

“பாப்பா வந்துச்சா சாமி?”

“வெளியில நிக்குதுண்ணே.”

“நல்லாத்தானே கீது? ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல இல்ல?”

“நல்லா இருக்கு.”

“அப்போ சரி” என்று கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்சம் கழித்து மூடின கண்ணோடே, “தாள்ல ஒரு வாரம் எம்பேருக்கு எதிர்ல ரெண்டு அஞ்சு இருந்துச்சே. அதுக்கு ஆத்தா எங்கைய எடுத்துக்கினா போவட்டும். புள்ளயத் தொடல” என்றார்.

“அப்படி இல்லண்ணே, அம்மன் அப்படிக் கணக்குப் பார்க்கிறவ இல்ல” என்றேன். உறுதியாகத்தான் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. அன்று சாயந்திரம் கோயிலில் நின்றேன். வழக்கமாகச் சொல்லும் ஸ்லோகம் பாதியில் மறந்துபோனது. இவர் உன்னிடம் பேரம் பேசாமல் இருந்ததற்கா இது என்று கேட்டேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். போவதை மட்டும் நிறுத்தவில்லை.

பிராக்கெட் இல்லாமல் ஃபேக்டரி நிற்கக் கூடாது. அந்த வாரமே வேறொரு பட்டறைக்கு அவசர ஆர்டர் போட்டார்கள். அந்த ஆள் முன்பே ஏற்றி எழுதிக் கொடுத்தவர். பன்னிரண்டு கழித்த பிறகும் அவர் விலை ஒரு ரூபாய் தொண்ணூற்றைந்து காசு. மேனேஜர் கையெழுத்துப் போட்டார். அவருடைய தாளில் அந்த ஆளுக்கு எதிரே ‘டார்கெட் அடைந்தது’ என்றுதான் இருந்தது. பன்னிரண்டு குறைந்திருக்கிறதே. ராயப்பேட்டைக்காரர் கேட்டது ஒன்று எண்பது.

அந்த ஆர்டரை அடிக்க வேண்டியது மாமி. தாளைச் சுற்றினார், விலை வரும் இடத்தில் விரலை வைத்தார், அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, சாமான் அறைக்குள் போய் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். நான் போய்ப் பார்த்தேன்.

“நான் அடிச்சதுதான் அவர் கையில விழுந்துடுத்தா?” என்று கேட்டார்.

“இல்ல மாமி.”

“நீர் சொல்லப்படாது. அவரைக் கேட்டுண்டு வாரும்.”

மாமி சொன்னதையெல்லாம் சொல்லிக் கேட்டேன். கையில் கட்டோடு வீட்டில் இருந்தார். “அந்தம்மா மேல இன்னா தப்பு? எம்பொண்ணு தடுக்கி நடக்கறத ஞாபகம் வெச்சிருந்து பண்ணது. அம்மனுக்குத் தெரியாதா இன்னா. அழ வேணாம்னு சொல்லு” என்றார். மாமியிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு, எண் அடிக்கும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்துச் சரிபார்க்கச் சொல்வார். ரிட்டயர் ஆகும்வரைக்கும்.

பிரஸ்ஸைக் கடன்காரர் எடுத்துக்கொண்டார். கம்பெனியிலிருந்து ஒரு தொகை கொடுக்கச் சொல்லி எழுதிக் கேட்டேன். அவர் எங்கள் ஆள் இல்லை, வெளி ஆள் என்று பதில் வந்தது. அண்ணி நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனார். அவருக்கு ஒரு கோயில் வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. இடது கையால் டோக்கன் எடுத்துக் கொடுப்பார். முதல் நாள் நான் போனபோது தலைக்கு மேலே மாட்டியிருந்த போர்டைக் காட்டினார்.

“பாத்தியா சாமி? வெல எழுதி மாட்டிக் கீது. நான் வாயே தொறக்க வேணாம்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு என் செருப்பை அவர் குனிந்து எடுக்கப் போனார், நான் கொடுக்கவில்லை. கையில் எடுத்துக்கொண்டு போய் வேறு பக்கம் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். சில வருஷம் அப்படி இருந்தார். ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பலகையிலேயே சாய்ந்துவிட்டார்.

அந்தப் பெண் படித்து, கல்யாணம் ஆகி, பாலவாக்கத்தில் இருக்கிறது. இரண்டு குழந்தைகள். அந்தக் காய்ச்சல் திரும்பி வரவே இல்லை. சமீபத்தில் ஒரு கல்யாணத்தில் என்னைப் பார்த்து, தனியாகக் கூப்பிட்டது.

“மாமா, உங்கள ஒண்ணு கேக்கணும். நைனா ரெண்டு விலை சொல்லி ஆபீஸ்ல மாட்டிக்கிட்டாராமே. அம்மனுக்குக் கொடுத்த வாக்க மீறினாராம், அதான் கை போச்சாம். எங்க வீட்டுக்காரர் சொந்தத்துல பேசிக்கிறாங்க. அம்மாவக் கேட்டா அழறாங்க. நெஜமா?”

பெஞ்சில் எழுந்த சிரிப்பும் ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுந்த அழுகையும் இத்தனை வருஷத்தில் ஊர் வாயில் சேர்ந்து ஒரே கதையாகியிருக்கின்றன. கையையும் கொடுத்து, பட்டறையையும் கொடுத்து எதைக் காப்பாற்றினாரோ, அதைத்தான் அவர் விட்டுவிட்டார் என்று அவர் பெண்ணிடமே சொல்லியிருக்கிறார்கள். நான் அங்கேயே நடந்ததைச் சொன்னேன். அது கேட்டுக்கொண்டு கடைசியில், “அப்போ எனக்காகத்தான்” என்று மட்டும் சொன்னது. முகத்தில் நிம்மதி வரவில்லை. இன்னொரு பாரம்தான் வந்து உட்கார்ந்தது. இந்த உண்மையை நான் எப்படிச் சொன்னாலும் அந்தப் பெண்ணுக்கு அது கனமாகத்தான் இருக்கும். இருந்தாலும் பொய்யின் கனத்தைவிட இது மேல் என்று நினைக்கிறேன்.

மறுநாள் அண்ணியைப் போய்ப் பார்த்தேன். வயசாகிவிட்டது, காது சரியாகக் கேட்பதில்லை. எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதி வைத்துவிடட்டுமா என்று சத்தமாகக் கேட்டேன். சுவரில் இருந்த அண்ணன் படத்தைப் பார்த்துச் சொன்னார்.

“எழுது தம்பி. அவரப் பெரிய மனுசனாக்கி எழுதாத. ஏமாளின்னும் எழுதாத. ஒண்ணு எம்பதுன்னா ஒண்ணு எம்பது. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்.”

அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இதைப் படிக்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். பாலவாக்கம் பக்கமோ, ராயப்பேட்டைச் சந்திலோ, அந்தக் கதையை யாராவது வேறு மாதிரி சொல்வது உங்கள் காதில் விழுந்தால், இதைச் சொல்லுங்கள். அம்மன் தண்டித்தாள் என்று சேர்க்க வேண்டாம். அம்மன் காப்பாற்றினாள் என்றும் நீங்களாகச் சேர்க்க வேண்டாம், அது அவளுக்கும் அவருக்கும் நடுவில் இருந்த பேச்சு. மேனேஜரை ராட்சசன் ஆக்க வேண்டாம், மாமி செய்ததை விட்டுவிடவும் வேண்டாம். அவர் வாயால் ஒரு விலைதான் வந்தது. அதை அந்த விலைக்கே அடுத்தவரிடம் கொடுங்கள்.